குறைமாதப் பிள்ளைக்குப் பால்: வன்னியிலிருந்து பி.பி.யு.வுக்குப் போகும் தாய்மாருக்கு

என் மகள் 29 கிழமையில் பிறந்தாள். நிறை 1,180 கிராம். நாங்கள் இருப்பது நெடுங்கேணிக்கும் உள்ளே. அந்த இரவு வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்ததே பெரிய கதை, அதை இங்கே எழுதவில்லை. பிறகு வந்த 53 நாட்களில் பால் விஷயத்தில் நான் விட்ட பிழைகளையும், கேட்டும் பட்டும் படித்தவற்றையும் மட்டும் எழுதுகிறேன்.

இதை நீங்கள் வாட்டுக் கட்டிலில் இருந்துகொண்டு, சார்ஜ் இறங்கிய போனில் வாசிக்கக்கூடும். ஆகவே முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குப் பாலை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் நீங்கள் பால் எடுப்பதை நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன். நாலே நாள்தான். அதைத் திருப்பிக் கொண்டுவர மூன்று கிழமை பிடித்தது.

இன்னொன்று, நான் டொக்டர் இல்லை. உங்கள் பிள்ளைக்கு எத்தனை மில்லி, எப்போது என்பதை பி.பி.யு.வில், அதாவது குறைமாதப் பிள்ளைகளைப் பராமரிக்கும் பிரிவில், இருப்பவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் சொல்வது விளங்கவும், கேட்க வேண்டியதைக் கேட்கவும் இது உதவும்.

எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குறைமாதப் பிள்ளையின் குடல் இன்னும் முற்றவில்லை. அதன் சுவரில் அழற்சி வந்து, கிருமி உள்ளே இறங்கி, குடலின் ஒரு பகுதி அழுகிப்போகும் நோய் ஒன்று இருக்கிறது. வாட்டில் அதை 'நெக்' என்பார்கள். 32 கிழமைக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும்தான் இது கூடுதலாக வரும். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிறந்தவுடன் வருவதை விட, பால் குடிக்கத் தொடங்கி, நிறையும் கொஞ்சம் ஏறி, நாங்கள் மூச்சு விடத் தொடங்கும் இரண்டாம் மூன்றாம் கிழமையில்தான் அனேகமாக வரும். எங்களுக்கு 16ஆம் நாள்.

இதற்கு எதிராகத் தாயின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அவளுடைய பால்தான். 1990இல் இங்கிலாந்தில் 926 குறைமாதப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. பால்மா மட்டும் குடித்த பிள்ளைகளுக்கு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களை விட 6 முதல் 10 மடங்கு கூடுதலாக இந்த நோய் வந்திருந்தது. தாய்ப்பால் குடித்தால் வரவே வராது என்றில்லை. என் மகள் என் பால்தான் குடித்தாள், அவளுக்கும் வந்தது. ஆனால் சத்திரசிகிச்சை வரை போகவில்லை.

1. குறைமாதத்தில் பிறக்கப்போகிறது என்று தெரிந்தவுடன்

வயிற்றுவலியோ நீர் உடைவதோ தொடங்கினால், கிட்டவுள்ள சின்ன ஆஸ்பத்திரியில் பெற்றுவிட்டுப் பிறகு பிள்ளையை ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். வயிற்றில் இருக்கும்போதே பி.பி.யு. உள்ள இடத்துக்குப் போவதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. வன்னியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு இடங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. கடுமையான கேஸ் என்றால் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ அனுப்பக்கூடும்.

அங்கே தாய்க்கு ஊசி போடுவார்கள். பிள்ளையின் நுரையீரலுக்கு என்றுதான் சொல்வார்கள், ஆனால் அதே ஊசி இந்தக் குடல் நோயின் ஆபத்தையும் குறைக்கிறது. "ஊசி போட்டாச்சா மிஸ்?" என்று தாதியிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: கர்ப்பவதிப் பதிவேடு, ஸ்கான் துண்டுகள், இரத்தவகை எழுதிய துண்டு, இருவரின் அடையாள அட்டை, கலியாணப் பதிவுச் சான்றிதழ். எல்லாவற்றிலும் மூன்று மூன்று பிரதி. இரவில் ஆஸ்பத்திரிக்கு முன்னால் போட்டோப்பிரதிக் கடை திறந்திருக்காது.

பிள்ளையை மட்டும் வேறு ஆஸ்பத்திரிக்கு ஏற்றுகிறார்கள் என்றால், "என்னையும் சேர்த்து அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். எங்களுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. பிள்ளை ஓரிடத்தில், நான் தையலோடு இன்னோரிடத்தில் என்று மூன்று நாள் போய்விட்டது. அந்த மூன்று நாள் பாலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

2. முதல் ஆறு மணித்தியாலம்

பிறந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் பால் எடுக்கத் தொடங்க வேண்டும். முடியாவிட்டால் ஆறு மணித்தியாலத்தைத் தாண்ட விடாதீர்கள். சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் இது பொருந்தும். எழும்ப முடியாவிட்டால் கூட இருப்பவர் கப்பைப் பிடிக்கட்டும்.

முதல் நாள் வருவது சொட்டுத்தான். மஞ்சளாக, பிசுபிசு என்று, சில வேளை அரை மில்லிகூட வராது. இதுதான் கடும்புப் பால். "இதைக் கொண்டு போனால் சிரிப்பார்களோ" என்று வெட்கப்பட்டு நான் துடைத்துவிட்டேன். யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒரு மில்லி சிரிஞ்சில் உறிஞ்சிக் கொண்டுபோய்க் கொடுத்தால் மிஸ்மார் சந்தோஷப்படுவார்கள். பிள்ளை இன்னும் குடிக்கத் தொடங்கவில்லை என்றாலும், கன்னத்தின் உட்பக்கம் 0.1 மில்லி வீதம் பூசிவிடலாம். அதை எப்படிச் செய்வது என்று அவர்களே காட்டுவார்கள்.

கையால் எடுக்கும் முறை: கையை நன்றாகக் கழுவி, மார்பை மெதுவாகத் தடவிவிடுங்கள். பெருவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும், கறுப்பு வட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கம் உள்ளே தள்ளி, பிறகு விரல்களைச் சேர்த்து அமர்த்தி, விடுங்கள். காம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. ஒரு பக்கம் குறைந்தவுடன் மறுபக்கம், பிறகு திரும்பவும் முதல் பக்கம். மொத்தம் 20, 30 நிமிடம்.

ஒரு நாளைக்கு எட்டுத் தரத்துக்குக் குறையக் கூடாது, பத்து என்றால் இன்னும் நல்லது. நான் 6, 9, 12, 3 என்று பகலும் இரவும் அதே மணிக்கூடு வைத்திருந்தேன். இரவு 3 மணி எடுப்பைத்தான் எல்லாரும் தவற விடுவோம். பால் சுரக்க வைக்கும் ஹோர்மோன் கூடுதலாக ஓடுவது அந்த நேரத்தில்தான். ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விட்டால், அடுத்த கிழமை அதன் விலையைக் கொடுக்க வேண்டி வரும்.

பிள்ளைக்கு இப்போது தேவை 24 மில்லிதானே என்று 24 மில்லியோடு நிறுத்தாதீர்கள். உடம்பு முதல் இரண்டு கிழமையில்தான் எவ்வளவு சுரப்பது என்று கணக்குப் போட்டுக்கொள்கிறது. பத்தாம் பதினாலாம் நாளில் ஒரு நாளைக்கு 500 முதல் 750 மில்லி என்ற அளவைக் குறியாக வையுங்கள். அதற்குக் குறைவாக வந்தாலும் ஒவ்வொரு மில்லியும் கணக்குத்தான்.

3. கை, கப், பெயர்

காப்பு, மோதிரம், கோயில் நூல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நூலுக்கு அடியில் சவர்க்காரம் போகாது. என் கைநூலை அறுக்க மாமி சம்மதிக்கவில்லை. கடைசியில் தலகாணிக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானமானோம். நகத்தை வெட்டுங்கள். முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கழுவிய பிறகு போனைத் தொட்டால் திரும்பவும் கழுவ வேண்டும். பி.பி.யு. வாசலில் இதை மறந்து ஏச்சு வாங்காத தாய் இல்லை.

பால் எடுக்க வாய் அகன்ற எவர்சில்வர் கப்பே போதும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, மூழ்க விட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். துணியால் துடைக்காமல் மூடியால் மூடி ஆற விடுங்கள். பம்ப் வாங்கினால் அதன் ஒவ்வொரு துண்டையும் இதே மாதிரி கழுவ வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு கொள்கலத்திலும் தாயின் முழுப்பெயர், பிள்ளையின் கட்டில் இலக்கம், திகதி, எடுத்த நேரம் இருக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு தாய்மார் வாட்டில் இருப்பது அபூர்வமில்லை. மாறிப்போன பால் வீண்தான். பக்கத்துக் கட்டில் அக்காவுக்குப் பால் நிறைய வருகிறது, அதைக் கொடுப்போமே என்று தோன்றும். எங்கள் ஊரில் ஒருவர் பிள்ளைக்கு இன்னொருவர் பால் கொடுத்த கதைகள் உண்டு. ஆனால் பரிசோதிக்காத, பதப்படுத்தாத பாலால் கிருமி தொற்றலாம். ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்தாலே தவிர வேண்டாம்.

4. எவ்வளவு, எவ்வளவு வேகத்தில்

பலரும் குழம்புவது இங்கேதான். 1.2 கிலோ பிள்ளை ஒன்றை எடுப்போம். தொடக்கத்தில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லி என்றால், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 2 மில்லி. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ போட்ட மெல்லிய குழாயில் அது போகும். பிறகு நாளுக்கு நாள் கூட்டுவார்கள். கிலோவுக்கு 30 மில்லி வீதம் கூட்டினால் ஒவ்வொரு தடவைக்கும் 3 மில்லி ஏறும். அதாவது 2, 5, 8, 11, 14. முழு அளவு கிலோவுக்கு 150 மில்லி என்றால், தடவைக்கு 15 மில்லியில் வந்து நிற்கும். கணக்குப்படி ஆறே நாள்தான், ஆனால் நடுவில் ஏதாவது தடங்கல் வரும். அதுவரை சேலைன் போகும்.

"இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு வேகம்? மெதுவாகக் கூட்டினால் குடலுக்கு நல்லதுதானே?" என்று நான் ஒரு டொக்டரோடு வாதாடியிருக்கிறேன். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 2,804 பிள்ளைகளை வைத்து இதையே பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதியினருக்கு நாளுக்குக் கிலோவுக்கு 18 மில்லி வீதமும் மற்றவர்களுக்கு 30 மில்லி வீதமும் கூட்டினார்கள். 2019இல் முடிவு வந்தது. மெதுவாகக் கூட்டியதால் குடல் நோய் குறையவில்லை. வேகமாகக் கூட்டிய பிள்ளைகள் முழுப் பாலுக்கு முன்னமே வந்து சேர்ந்தார்கள், சேலைன் ஊசியும் அந்தளவு முன்னமே கழன்றது. உலக சுகாதார நிறுவனமும் 2022இல் வெளியிட்ட பரிந்துரையில் 30 மில்லி வரை கூட்டலாம் என்கிறது. ஆகவே பாலைக் கூட்டுகிறார்கள் என்று கேட்டால் பயப்படாதீர்கள்.

ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் ஓரளவு கூடியதும், தாய்ப்பாலில் கலக்கும் சத்துத் தூள் ஒன்றைத் தொடங்கக்கூடும். அதை டொக்டர் எழுதினால் மட்டும், அவர்கள் சொல்லும் அளவில் மட்டும். வாட்டில் கையிருப்பு முடிந்து வெளியில் வாங்கச் சொன்னால், துண்டை வாட்ஸப்பில் அனுப்பிவிடாமல் கையில் கொடுத்து அனுப்புங்கள். பெயர் ஒத்த வேறு தகரத்தோடு வந்த அப்பாமாரைக் கண்டிருக்கிறேன்.

5. பாலை நிறுத்தும் நாட்கள்

16ஆம் நாள் காலை போனபோது பிள்ளையின் மூக்குக் குழாய் திறந்திருந்தது. கட்டில் தலைமாட்டில் ஒரு மட்டை: பால் இல்லை. வயிறு கொஞ்சம் ஊதியிருக்கிறது, எக்ஸ்ரே எடுத்தாயிற்று, மருந்து தொடங்கியாயிற்று என்றார்கள். நான் வாட்டுக்குத் திரும்பி வந்து கையில் இருந்த கப்பைக் கவிழ்த்துவிட்டுப் படுத்தேன். பிள்ளைக்கு வேண்டாத பாலை யாருக்கு எடுப்பது? நாலு நாள் அப்படிப் போனது. மார்பு கட்டிக் காய்ச்சல் வந்தது, பிறகு வற்றத் தொடங்கியது. பிள்ளைக்குப் பாலை நிறுத்திய பத்தாம் நாள் "அம்மா, பால் கொண்டு வாங்கோ, தொடங்கப் போறம்" என்று ஒரு மிஸ் வந்து கூப்பிட்டபோது, ஒரு நாளைக்கு 400 மில்லி எடுத்த எனக்கு 90 மில்லிதான் வந்தது. மிச்சத்துக்கு டொக்டர் எழுதிய குறைமாதப் பால்மா போனது. எந்த ஆபத்துக்குப் பயந்து பாலை நிறுத்தினார்களோ, அதே ஆபத்தை என் கையாலேயே கிட்டக் கொண்டுவந்தது போல இருந்தது. இதை யாரும் எனக்கு முன்னமே சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பகுதி நீளம்.

பாலை நிறுத்தும் அல்லது குறைக்கும் சந்தர்ப்பங்கள் ஒரே மாதிரி இல்லை. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குடல் நோய் என்று சந்தேகித்தால்: பால் முழுதாக நிற்கும். வயிற்றில் இருப்பதைக் குழாயால் வெளியே விடுவார்கள், நரம்பு வழியாக அன்டிபயோட்டிக் போகும், எக்ஸ்ரே திரும்பத் திரும்ப எடுப்பார்கள். குடல் சுவருக்குள் காற்று தெரிகிறதா என்று பார்க்கத்தான் அது. நோய் உறுதி என்றால் ஏழு முதல் பதினாலு நாள் வரை பால் இருக்காது. குடலில் ஓட்டை விழுந்தால் சத்திரசிகிச்சைக்காரரைக் கூப்பிடுவார்கள். சந்தேகம் மட்டும் என்றால் இரண்டு மூன்று நாளிலேயே திரும்பத் தொடங்கவும் கூடும்.

இரத்தம் ஏற்றும்போது: குறைமாதப் பிள்ளைகளுக்கு இரத்தம் ஏற்றுவது சாதாரணமாக நடக்கும். சில இடங்களில் அந்த நேரத்தில் சில மணித்தியாலம் பாலை நிறுத்துவார்கள், சில இடங்களில் தொடர்ந்து கொடுப்பார்கள். டொக்டர்மாருக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து உண்டு. ஆகவே பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள், என் பிள்ளைக்கு ஏன் இல்லை என்று மிஸ்ஸோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

இதயத்துக்குப் பக்கத்தில் மூட வேண்டிய ஒரு இரத்தக் குழாய் மூடாமல் இருந்து, அதை மூட மருந்து கொடுக்கும்போது: முன்பெல்லாம் முழுதாக நிறுத்துவார்கள். மருந்து போகும் நாட்களிலும் கிலோவுக்கு 15 மில்லி அளவில் கொஞ்சம் பால் கொடுத்தால், பிள்ளை முழுப் பாலுக்குச் சீக்கிரம் வருகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் டொக்டர் நிறுத்தச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். "கொஞ்சமாவது கொடுக்கலாமா டொக்டர்?" என்று மரியாதையாகக் கேட்பதில் பிழையில்லை.

வயிற்றில் 'மிச்சம்' இருக்கிறது என்று சொல்லும்போது: குழாயால் இழுத்துப் பார்க்கையில் பால் நிறத்தில் கொஞ்சம் வருவது பெரிய விஷயம் இல்லை. பச்சையாகவோ இரத்தம் கலந்தோ வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சரி, இந்த நாட்களில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதே மணிக்கூடு, அதே எட்டுத் தரம். வாட்டில் பிரீசர் இருந்தால் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். திரும்பத் தொடங்கும்போது பழைய திகதிப் பாலை, முக்கியமாகக் கடும்புப் பாலை, முதலில் எடுப்பார்கள். பிரீசர் இல்லையா? எடுத்து ஊற்றுங்கள். மனம் கேட்காதுதான், ஆனால் ஊற்றினாலும் எடுங்கள். பால் கொடுக்காத நாளிலும் கன்னத்தில் பூசலாமா, நெஞ்சோடு அணைத்து வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் நிலைமை விட்டால் அனேகமாகச் சம்மதிப்பார்கள். நெஞ்சில் வைத்த பிறகு எடுக்கும் பால் எனக்கு எப்போதும் கொஞ்சம் கூடத்தான் வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கங்காரு முறை நேரம் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணித்தியாலம். அவ்வளவு விடாவிட்டாலும் விடும் நேரத்தை வீணாக்காதீர்கள். என் வீட்டுக்காரரும் சேட்டைக் கழற்றிவிட்டு இருந்தார். முதல் நாள் வேர்த்து விறுவிறுத்துப் போனார், பிறகு எழும்பவே மாட்டேன் என்றார்.

6. கண்டவுடன் சொல்ல வேண்டியவை

வயிறு ஊதி, தோல் இறுகி மினுங்குவது. பச்சை நிற வாந்தி. மலத்தில் இரத்தம். மூச்சு அடிக்கடி நின்று நின்று வருவது. நேற்றுக் கையைக் காலை ஆட்டிய பிள்ளை இன்று சோர்ந்து கிடப்பது. உடம்பு சில்லிடுவது. ஒன்றைக் கண்டாலும் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே சொல்லுங்கள். பிள்ளையை ஒவ்வொரு நாளும் பார்ப்பவர் நீங்கள். மிஸ்மாருக்கு வேலைநேரம் மாறும்.

தமிழ் தெரியாத வாட்டுக்குப் போக நேர்ந்தால் இந்தச் சிங்களச் சொற்களை உள்ளங்கையில் எழுதி வையுங்கள்: கிரி என்றால் பால், பபா என்றால் பிள்ளை, பட என்றால் வயிறு, லே என்றால் இரத்தம். "பபாகே பட பிம்பிலா" என்றால் பிள்ளையின் வயிறு ஊதியிருக்கிறது. எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் பக்கத்துக் கட்டில் சிங்கள அக்கா. பதிலுக்கு அவருக்கு நான் புட்டு அவிக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

7. வாயில் வைக்கக் கூடாதவை

தேன், சீனித்தண்ணி, கோரோசனை, உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர், கோயில் தீர்த்தம். ஒன்றும் வேண்டாம். ஒரு சொட்டுக்கூட. அம்மம்மாமார் அன்பில்தான் கொண்டு வருகிறார்கள். ஆனால் அந்தக் குடலுக்கு ஒரு விரல் தேனும் பெரிய சுமை. தீர்த்தத்தைப் பிள்ளையின் வாயில் விடாமல் உங்கள் நெற்றியில் பூசிக்கொள்ளுங்கள், சாமி கோபிக்காது.

ஆங்கில மருந்திலும் இதே கவனம் தேவை. கடையில் கேட்டு வாங்கிய நன்மைக் கிருமித் தூளை (புரோபயோட்டிக்)ப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சில பி.பி.யு.க்களில் அதை மருந்தாகக் கொடுக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் அப்படி ஒன்றால் ஒரு குறைமாதப் பிள்ளை தொற்று வந்து இறந்ததை அடுத்து, 2023இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. பிள்ளை பாலைக் கக்குகிறது என்று பாலைத் தடிப்பாக்க மாவு போடுவதும் கூடாது. தடிப்பாக்கி ஒன்றைப் பற்றி அதே நிறுவனம் 2011இலேயே எச்சரித்திருந்தது, காரணம் இதே குடல் நோய்தான். வயிற்றெரிவுக்குக் கொடுக்கும், அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளும் இந்த நோயின் ஆபத்தைக் கூட்டக்கூடியவை.

தாய்க்கு என்ன சாப்பாடு என்று கேட்பீர்கள். காயச்சரக்கு, பால்சுறா வறை, முருங்கையிலை எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் பெற்ற உடம்புக்குத் தண்ணி கொடுக்கக் கூடாது என்று வீட்டில் சொன்னால் கேட்காதீர்கள். ஒவ்வொரு தரம் பால் எடுக்கும் முன்னும் ஒரு பெரிய கோப்பை தண்ணீர். பால் சுரக்கும் மாத்திரையை நீங்களாக வாங்க வேண்டாம்.

8. வீட்டிலிருந்து பால் கொண்டு போவது

முடிந்தவரை ஆஸ்பத்திரியிலேயே தங்குங்கள். தாய்மார் தங்க அறை இருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள். துடக்கு, 31 கழியாமல் வெளியே போகக் கூடாது என்று தடுத்தால், பிள்ளையும் வெளியேதானே இருக்கிறது என்று சொல்லுங்கள். அது எங்கள் வீட்டில் எடுபட்டது.

வீட்டில் எடுத்துக் கொண்டு போவதானால், எடுத்த பாலை வெளியில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அதுவும் 25 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்துக்குத்தான். எங்கள் சித்திரை வெயிலில் அரை மணித்தியாலத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பிரிட்ஜில் நாலு நாள் வரை என்று சொன்னாலும் குறைமாதப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிகள் அதை விடக் குறைந்த நேரம் சொல்லும். அதையே பின்பற்றுங்கள். உறைந்து இளகிய பாலை 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது.

ரெஜிபோம் பெட்டி ஒன்று, உறைந்த ஐஸ் பக்கெற் நாலு. புதுப் பெட்டி. முல்லைத்தீவுப் பக்கம் சொந்தக்காரர் மீன் பெட்டியைக் கழுவித் தருகிறேன் என்பார், வேண்டாம். பஸ்ஸில் தட்டில் ஏற்றாமல் மடியில் வையுங்கள். புளியங்குளத்தில் பஸ் மாற வேண்டியவர்கள் அரை மணித்தியாலம் கூடுதலாகக் கணக்குப் பாருங்கள்.

9. பிறப்புப் பதிவு

பிறப்பை மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும். பிள்ளை எங்கே பிறந்ததோ அந்தப் பிரிவின் பதிவாளரிடம்தான் பதிய வேண்டும், இப்போது சிகிச்சை பெறும் இடத்திலோ உங்கள் ஊரிலோ அல்ல. இது தெரியாமல் என் வீட்டுக்காரர் இரண்டு நாள் வேறு கந்தோரில் நின்றார். பிள்ளையை மாற்றி அனுப்பியிருந்தால், பிறந்த ஆஸ்பத்திரியில் பிறப்பு அறிக்கைத் துண்டை வாங்கிக்கொண்டு வரச் சொல்லி யாரையாவது அனுப்புங்கள். கலியாணச் சான்றிதழும் இரண்டு அடையாள அட்டையும் வேண்டும். இரண்டு மாதம் பி.பி.யு.வில் இருக்கும்போது மூன்று மாதம் தெரியாமலே ஓடிவிடும்.

10. செலவு

அரச ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கோ இன்குபேட்டருக்கோ மருந்துக்கோ பணம் இல்லை. எங்கள் பணம் போனது பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் கடைச் சாப்பாட்டுக்கும்தான். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகை எழுதவில்லை, பெரியதிலிருந்து சிறியதாக வரிசை மட்டும் சொல்கிறேன்: அப்பாவின் போக்குவரத்தும் அவருடைய இழந்த சம்பளமும், தங்கும் ஆளின் சாப்பாடு, வெளியில் எழுதித் தரும் ஒன்றிரண்டு பொருள், டயப்பர். மின்பம்ப் கடைசி. அதற்குப் பணத்தைத் தூக்கிக் கொடுக்க முன் ஒரு கிழமை கையால் எடுத்துப் பாருங்கள், எனக்குக் கைதான் கூடுதலாக வந்தது. திரிபோஷாவும் தாய்மாருக்கான போசாக்கு உதவியும் உங்கள் பகுதி மருத்துவமாது மூலம் வரும். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதற்காக அதை விட்டுவிடாமல் வீட்டில் உள்ளவர்களைப் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

11. துண்டு வெட்டிய பிறகு

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் டயக்னோசிஸ் கார்ட்டை அங்கேயே வாசித்து, பிறந்த கிழமை, நிறை, கடைசி நிறை, தொடர வேண்டிய மருந்து, அடுத்த கிளினிக் திகதி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இரும்புச் சத்துத் துளியும் விட்டமின் துளியும் எத்தனை சொட்டு என்று மிஸ்ஸின் முன்னால் ஒரு தடவை எடுத்துக் காட்டுங்கள். எங்கள் துளி போத்தலில் குழாய் மாறி இருந்தது, வாட்டில் கேட்டபடியால் தப்பினோம். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வீட்டில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால், பிள்ளை அழாவிட்டாலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். மார்பில் உறிஞ்சிக் களைத்துப் போனால் மிச்சத்தைக் கழுவிக் கொதிக்க வைத்த சின்னக் கப்பில் கொடுங்கள். சூப்பிப் போத்தல் வேண்டாம். டொக்டர் பால்மாவும் எழுதியிருந்தால், தூள் கிருமி நீக்கப்பட்டதல்ல என்பதை நினைவில் வையுங்கள். கொதித்த தண்ணீர் 70 பாகைக்குக் கீழே இறங்க முன் தூளைப் போட்டுக் கரைத்து, பிறகு ஆற்றி, உடனே கொடுத்து, மிச்சத்தை ஊற்ற வேண்டும். வெந்நீரை விட்டுவிட்டு பிளாஸ்க் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் பிழை.

கண் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். குறைமாதப் பிள்ளைக்குப் பிறந்து ஏறத்தாழ நாலு கிழமையில் முதல் தடவை பார்ப்பார்கள், பிறகு திரும்பக் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் அந்தத் திகதி மறந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகும் வயிறு ஊதி, பச்சை வாந்தி, இரத்தம் என்று கண்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எங்கள் பாதையில் இருட்டின பிறகு யானை நிற்கும், ஓட்டோக்காரர் வர மாட்டார். அதனால் வீட்டுக்கு வந்த முதல் நாளே வாகனம் உள்ள இரண்டு பேரின் போன் இலக்கத்தைச் சுவரில் எழுதி வைத்தோம். அம்புலன்ஸுக்கு வழி சொல்லும்போது வீட்டு இலக்கத்தை விட, பெரிய வீதியில் டோர்ச் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பதுதான் உதவும். டயக்னோசிஸ் கார்ட்டும் பதிவேடும் கதவுக்குப் பக்கத்தில் ஒரே பையில் இருக்கட்டும்.